இணையப் பெயர்களில் பொதுப் பின்னொட்டு: விதியும் வழக்கும்

'ஆடல்' என்னும் சொல்லில் 'அல்' என்பது தொழிற்பெயர் விகுதி. 'கடல்' என்னும் சொல்லின் ஈற்றிலும் அதே ஒலிகள் அமைந்துள்ளன. எனினும் அங்கு விகுதி இல்லை. ஈற்றொலிகளின் ஒப்புமையை மட்டும் கொண்டு பகுப்பவர் 'கடல்' என்பதனையும் பகுபதமாகக் கொண்டு இடர்ப்படுவர். இதனைத் தவிர்க்க அகராதியறிவும் வழக்கறிவும் வேண்டும் என்பது மொழியியலார் அனைவரும் அறிந்ததே. இணையத்தில் வழங்கும் பெயர்களைக் கணிப்பொறி நிரலால் பகுக்க முற்படும்போதும் இதே சிக்கல் எழுகின்றது. 'டிஸ்கோ.இன்' என்னும் பெயர் 'கோ.இன்' என்று முடிகின்றது, 'கடை.கோ.இன்' என்பதும் அவ்வாறே முடிகின்றது. முன்னதில் பின்னொட்டு 'இன்' மட்டுமே, பின்னதில் 'கோ.இன்' முழுவதும் பின்னொட்டு. எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் இரண்டனையும் ஒன்றெனவே கொள்ளும். இத்தகைய பிழையால் வருவது வெறும் இலக்கணக் குற்றமன்று; ஒருவருடைய கணக்கிற்குள் பிறர் நுழைவதற்கு அது வழியாகலாம்.

இக்கட்டுரையில் இணையப் பெயர்கள் யாவும் ஒலிப்பின்படி தமிழெழுத்தில் தரப்பெறுகின்றன. தமிழ்ச் சொற்களாக அமைந்த கூறுகள் எடுத்துக்காட்டிற்காகப் படைத்துக்கொண்டவை. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வோர் உறுப்பும் 'கூறு' எனப்படும்.

1. பெயரின் அமைப்பு

இன்று வழங்கும் பெயரமைப்பு முறை 1983இல் பால் மொக்காபெட்ரிசு வெளியிட்ட இரண்டு ஆவணங்களில் முதன்முதலாக விளக்கப்பெற்றது. 1987இல் திருத்திய வடிவம் பெற்றது. அதன்படி ஒரு கூறு 63 பைட்டுகளையும், முழுப்பெயர் 255 பைட்டுகளையும் மிகுதல் கூடாது. கூறுகளுள் வலக்கோடியில் நிற்பதே தலைமையானது. இடப்புறம் செல்லச் செல்லப் பொருள் குறுகும். தலைச்சொல் இறுதியில் நிற்கும் தமிழ்ப் பெயர்த்தொடருக்கு இது மிக அணுக்கமானது. 'பல்கலைக்கழக நூலக வாயில்' என்னும் தொடரில் 'வாயில்' தலைமைச்சொல்லாக இறுதியில் நிற்றலை ஒப்பிட்டுக் காணலாம்.

இவ்வரிசை இயற்கையானதன்று, உடன்பாட்டால் வந்தது என்பதற்குப் பிரித்தானியக் கல்வி வலையமைப்பின் வரலாறு சான்று. ஜானெட் என்னும் அவ்வலையமைப்பில் 1980களில் பெயர்கள் தலைகீழாக, நாட்டின் பெயரை முதலில் கொண்டு எழுதப்பட்டன. பல்கலைக்கழகக் கணிப்பொறியியல் துறைகள் 'சிஎஸ்' என்னும் கூற்றை ஈற்றில் கொண்டிருந்தன. பிற வலையமைப்பினர்க்கோ ஈற்றில் நிற்கும் 'சிஎஸ்' செக்கோஸ்லோவாக்கியாவைக் குறிக்கும் குறியீடு. ஒரே உருபு, இடம் மாறியதால் பொருள் மாறி இடர் விளைத்தது.

அத்தகைய ஒப்புருக்கள் இன்றும் உள. 'ஏசி.இன்' என்பதில் 'ஏசி' கல்வி நிறுவனங்களைக் குறிக்கும். தனியே ஈற்றில் நின்றால் அசென்சன் தீவைக் குறிக்கும். 'கோ.இன்' என்பதில் 'கோ' வணிகத்தைக் குறிக்கும். ஈற்றில் நின்றால் கொலம்பியா நாட்டைக் குறிக்கும். 'யூகே' ஈற்றில் நின்றால் நாடு. 'யூகே.காம்' என்பதிலோ ஒரு தனியார் நிறுவனம் தன் பெயருக்குக் கீழ்ப் பிறருக்குப் பதிவு வழங்கும் இடம் அது. ஆகவே ஒரு கூற்றின் பொருளை அக்கூற்றிலிருந்து மட்டும் பெற இயலாது.

2. பின்னொட்டு எதற்காக வேண்டும்?

'கடை.கோ.இன்' என்னும் பெயரை ஒருவர் பதிவுசெய்தால் அதன் இடப்புறத்தில் அவர் விரும்பியவாறு கூறுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: 'அஞ்சல்.கடை.கோ.இன்', 'கணக்கு.கடை.கோ.இன்' என்பன போல. இவை அனைத்தும் ஒருவருடைய உடைமை. ஆனால் 'கோ.இன்' என்பதன் கீழ் யார் வேண்டுமாயினும் கட்டணம் செலுத்திப் பெயர் பெறலாம். எந்த எல்லைக்கு வலப்புறம் பலருக்கும் பொதுவோ, அவ்வெல்லையின் வலப்பகுதியே பொதுப் பின்னொட்டு எனப்படுகின்றது. அதனோடு இடப்புறத்து ஒரு கூற்றைச் சேர்த்தால் பதிவுப்பெயர் கிடைக்கும். அதாவது ஓர் உடைமையாளரைச் சுட்டும் மிகக் குறுகிய பெயர்.

இவ்வெல்லையை உலாவி நிரல் அறிந்திருக்க வேண்டியதன் காரணம் 'குக்கி' என்னும் சிறு குறிப்பு. ஒருவர் ஒரு தளத்தில் கடவுச்சொல் இட்டு நுழைந்தவுடன், அவரை மீண்டும் அடையாளங்காண ஒரு குறிப்பை உலாவியிடம் அத்தளம் கொடுத்து வைக்கின்றது. அக்குறிப்பு இன்ன பெயருக்குக் கீழுள்ள தளங்கள் அனைத்திற்கும் உரியது என்று தளமே வரையறுக்கலாம். 'கணக்கு.கடை.கோ.இன்' தன் குறிப்பைக் 'கடை.கோ.இன்' முழுவதற்கும் உரியதாக்கினால் தவறில்லை. 'கோ.இன்' முழுவதற்கும் உரியதாக்க உலாவி இசைந்தால், அக்குறிப்பு 'கோ.இன்' என்று முடியும் தளங்கள் அனைத்திற்கும் அனுப்பப்படும். தீயநோக்குடைய ஒருவர் அங்கு ஒரு பெயரைப் பதிவுசெய்தால் போதும்: தாம் புனைந்த குறிப்பொன்றைப் பிற தளங்களுக்கெல்லாம் செல்லுமாறு வைத்து, பயனர் ஒருவரை அவர் அறியாமலே வேறொரு கணக்கிற்குள் இருத்திவிடலாம்.

3. புள்ளிகளை எண்ணும் முறை

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனம் குக்கிக்கு வகுத்த முதல் விவரக்குறிப்பு இவ்விடரை உணர்ந்திருந்தது. தீர்வாக அது கூறியது எளிய எண்ணிக்கை விதி. காம், இடியூ, நெட், ஆர்க், கவ், மில், இன்ட் என்னும் ஏழு ஈறுகளுக்குக் குறிப்பின் பெயரில் இரண்டு புள்ளிகள் போதும். ஏனைய ஈறுகளுக்கு மூன்று வேண்டும். (பெயரின் தொடக்கத்தில் இடப்படும் புள்ளியும் இவ்வெண்ணிக்கையில் சேரும்.) 'கோ.யூகே' போன்றவை இதனால் விலக்கப்பட்டன. இதுவரை விதி பொருந்துவதே.

ஆனால் செர்மனியின் 'டிஇ' என்னும் ஈற்றின்கீழ்ப் பெயர்கள் நேரடியாகவே பதிவாகின்றன. '.கடை.டிஇ' என்பதில் இரண்டே புள்ளிகள். முறையான உடைமையாளர்க்கே உரிமை மறுக்கப்படும். எதிர்த்திசைப் பிழை இதனினும் கொடிது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலப் பள்ளிகளுக்குரிய '.கே12.சிஏ.யூஎஸ்' என்பதில் மூன்று புள்ளிகள் உள. விதிப்படி அது ஒருவரின் பெயர். உண்மையில் அது பள்ளிகள் பலவற்றுக்கும் பொதுவான பின்னொட்டு. எனவே ஒரு பள்ளித் தளம் ஏனைய பள்ளித் தளங்கள் அனைத்திற்கும் உரிய குறிப்பை இட அவ்விதி தடையாகவில்லை.

சொல்லின் அசைகளை எண்ணி, இரண்டசைக்கு மேற்பட்டவை எல்லாம் பகுபதம் என்று விதிப்பதற்கு இது நிகரானது. எண்ணிக்கை வடிவத்தைச் சார்ந்தது. எல்லையோ ஒரு பதிவகத்தின் கொள்கையைச் சார்ந்தது. பெயர்களைத் தேடித்தரும் வலையமைப்பின் ஏடுகளிலும் இச்செய்தி இல்லை. ஒரு பெயரின்கீழ் நிர்வாகம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளதா என்பதனை அவை காட்டும். அப்பகிர்வு பொதுமக்களுக்கா, ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்கா என்பதனைக் காட்டா.

4. பட்டியலும் அதன் விதிகளும்

மொசில்லா திட்டத்தார் எண்ணும் முறையைக் கைவிட்டுப் பட்டியல் முறையை மேற்கொண்டனர். 2008 ஜூனில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 3 இப்பட்டியலைப் பயன்படுத்தியது. பின்னர்ப் பிற உலாவிகளும் நிரலகங்களும் இதனை ஏற்றன. இன்று ஒன்பதாயிரத்திற்கு மேற்பட்ட விதிகளைக் கொண்ட இப்பட்டியல் தன்னார்வலர்களால் பேணப்படுகின்றது. ஒரு வரிக்கு ஒரு விதி என்பது இதன் அமைப்பு.

விதிகள் மூவகை. முதல்வகை நேர்விதி: 'இன்', 'கோ.இன்', 'ஏசி.இன்' என்றாற்போல்வன. இரண்டாம் வகை, உடுக்குறி பெற்ற பொதுவிதி. '*.கோபே.ஜேபி' என்பது, சப்பானின் கோபே நகரப் பெயருக்கு இடப்புறத்தில் எக்கூறு வரினும் அக்கூறு உட்பட முழுவதும் பின்னொட்டு எனக் கூறும். மூன்றாம் வகை, வியப்புக்குறி பெற்ற விலக்கு விதி. '!சிட்டி.கோபே.ஜேபி' என்பது, 'சிட்டி' என்னும் கூறு மட்டும் அப்பொதுவிதிக்குள் அடங்காது எனக் கூறும். ஏனெனில் அது நகராட்சியின் சொந்தப் பெயர். கோபே, நகோயா, யோகொகாமா, கவாசாகி, சப்போரோ, செண்டாய், கித்தாகியூசூ ஆகிய ஏழு நகரங்களுக்கும் பட்டியலில் இவ்வாறே பொதுவிதியும் விலக்கும் இணையாக உள்ளன.

ஒரு பெயருக்குப் பல விதிகள் பொருந்தும்போது எது வெல்லும்? விலக்கு விதி பொருந்தினால் அதுவே வெல்லும். இல்லையேல் மிகுதியான கூறுகளைக் கொண்ட விதி வெல்லும். எவ்விதியும் பொருந்தாவிடில் ஈற்றுக்கூறு ஒன்றே பின்னொட்டு எனக் கொள்ளப்படும். இம்மூன்று நெறிகளும் இலக்கண நூலார்க்குப் புதியன அல்ல. வடமொழி இலக்கணத்தார் உத்சர்க்கம், அபவாதம் என வழங்கிய பொதுவிதி, சிறப்புவிதி உறவே இது. 1973இல் கிபார்ஸ்கி ஒலியனியலில் எடுத்துக்காட்டிய, சிறப்புடைய விதி பொதுவிதியைத் தடுக்கும் என்னும் நெறியும் இதுவே. எஞ்சியவற்றை எல்லாம் ஏற்கும் இறுதி விதியைத் தமிழ் மரபில் 'புறனடை' என்றல் மிகவும் பொருந்தும். பட்டியலின் ஆங்கில விளக்கத்தை மொழிபெயர்ப்போர் விலக்கு விதியைப் 'புறனடை' என்று பெயர்த்துவிடும் வாய்ப்பு உண்டு. அது பொருளை மயக்கும்: விலக்கு கொள்ளாதது, புறனடை தழுவிக்கொள்வது.

5. நிரலில் பகுக்கும் முறை

விதிகளைத் தொகுத்து விரைவாகத் தேடத்தக்க தொகுதியாக வைத்துக்கொள்வது முதற்படி. பின்னர்ப் பெயரைப் புள்ளிதோறும் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். இப்படியை விடுத்து, பெயர் முழுவதையும் ஓர் எழுத்துச்சரமாகக் கொண்டு ஈற்றை மட்டும் ஒப்பிடுவதால்தான் 'டிஸ்கோ.இன்' பிழை நேர்கின்றது. கூறுகளாகப் பிரித்தபின், முழுப்பெயரில் தொடங்கி இடப்புறத்திலிருந்து ஒவ்வொரு கூறாக நீக்கிக்கொண்டே, எஞ்சியது தொகுதியில் உள்ளதா என வினவ வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் வினா மூன்று: வியப்புக்குறியோடு உள்ளதா? உள்ளவாறே உள்ளதா? முதற்கூற்றுக்கு மாற்றாக உடுக்குறி இட்டால் உள்ளதா? நீண்டதிலிருந்து குறுகியதற்குச் செல்வதால் முதலில் கிடைப்பதே மிகுதியான கூறுகளைக் கொண்டதாகிவிடும்.

'மலர்.சிட்டி.கோபே.ஜேபி' என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். நான்கு கூறுகளும் சேர்ந்த வடிவத்திற்கு எவ்விதியும் இல்லை. 'மலர்' நீங்கியபின் 'சிட்டி.கோபே.ஜேபி' எஞ்சுகின்றது, அதற்கு விலக்கு விதி உண்டு. விலக்கு விதியின் இடக்கோடிக் கூற்றை நீக்கி எஞ்சுவதே பின்னொட்டு என்பது நெறி. ஆகவே பின்னொட்டு 'கோபே.ஜேபி', பதிவுப்பெயர் 'சிட்டி.கோபே.ஜேபி'. மாறாக 'மலர்.தோட்டம்.கோபே.ஜேபி' என்பதில் விலக்கு இல்லை. உடுக்குறி விதி பொருந்துகின்றது. பின்னொட்டு 'தோட்டம்.கோபே.ஜேபி'. பதிவுப்பெயர் நான்கு கூறுகளும் சேர்ந்த முழுப்பெயர். 'தோட்டம்.கோபே.ஜேபி' என்பதனை மட்டும் கொடுத்தால் பதிவுப்பெயரே இல்லை என்பது விடை. சில நிரல்கள் இந்நிலையில் வெற்றுவிடை தராமல் கொடுத்த பெயரையே திருப்பித் தருகின்றன. பாதுகாப்பு நோக்கில் அது தவறு. வினாக்களின் வரிசையும் இன்றியமையாதது. உடுக்குறி வினாவை விலக்கு வினாவிற்கு முன் வைத்தால் நகராட்சியின் பெயர் பொதுவுடைமையாகிவிடும்.

பகுப்பிற்கு முன் செய்யவேண்டிய தூய்மைப்பணிகள் சில உள. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கல் வேண்டும். முழுமை பெற்ற பெயரின் ஈற்றில் ஒரு புள்ளி நிற்பதுண்டு. அதனைக் கருதாத நிரல் ஈற்றில் வெற்றுக்கூறு ஒன்று இருப்பதாக மயங்கும். நான்கு எண்கள் புள்ளியால் பிரிக்கப்பட்டு நிற்கும் முகவரி, பெயர் போலத் தோன்றினும் பெயரன்று. அதற்குப் பின்னொட்டு இல்லை. இவையெல்லாம் எளியவை.

எளிதல்லாதது எழுத்து வடிவம். தமிழில் எழுதப்பெற்ற மூன்று நாட்டு ஈறுகள் பட்டியலில் உள்ளன: 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்'. பட்டியல் கோப்பில் இவை தமிழெழுத்திலேயே உள்ளன. வலையமைப்பில் பயணிக்கும்போதோ இவை ரோமன் எழுத்துகளாகவும் எண்களாகவும் குறியேற்றம் பெற்று, 'எக்ஸ்என்' என்னும் இரண்டு எழுத்துகளையும் இரண்டு சிறுகோடுகளையும் முன்னொட்டாகக் கொண்டு வரும். ப்யூனிகோடு எனப்படும் இக்குறியேற்றம் 2003இல் வரையறுக்கப்பட்டது. நிரல் இருபுறத்தையும் ஒரே வடிவிற்குக் கொணராவிடில் ஒப்பீடு பொருந்தாது. வியப்பு என்னவெனில், தமிழ் ஈறுகளைக் கொண்டு சோதித்தால் இப்பிழை வெளிப்படாது. ஒப்பீடு தோற்றாலும் புறனடை விதி ஈற்றுக்கூற்றைப் பின்னொட்டாகத் தந்துவிடும். தமிழ் ஈறுகள் ஒவ்வொன்றும் ஒரே கூறாதலின் விடை தற்செயலாகச் சரியாகும். ஹாங்காங்கின் சீன எழுத்து ஈற்றிற்குக் கீழ் நிறுவனம், கல்வி, அரசு முதலியவற்றைக் குறிக்கும் சீனக் கூறுகள் தனித்தனி விதிகளாக உள்ளமையால் பிழை அங்குதான் வெளிப்படும். ஒரு மொழியின் தரவை மட்டும் கொண்டு சோதிப்பதன் குறை இது.

பதிவுப்பெயர்களை ஒப்பிடும்போது தமிழுக்கே உரிய வேறொரு சிக்கலும் எழும். 'கொடி' என்பதன் ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு. குறியேற்றத்திற்கு முன் இயல்பு வடிவத்திற்கு மாற்றினாலன்றிக் 'கொடி.இந்தியா' என்பது இரண்டு பெயர்களாகிவிடும்.

புறனடையால் வந்த விடையையும் பட்டியல் விதியால் வந்த விடையையும் நிரல் வேறுபடுத்திக் காட்டுதல் நன்று. ஓர் அலுவலகத்தின் உள்வலையில் மட்டும் வழங்கும் பெயரும் புறனடையால் விடை பெற்றுவிடும். அவ்விடையை நம்பி முடிவெடுப்பது பொருந்துமா என்பதனை நிரலைப் பயன்படுத்துவோரே தீர்மானிக்க இயலும்.

6. 'பொது' என்னும் அடைமொழி

பட்டியல் இரு பகுதிகளை உடையது. நாட்டு ஈறுகள் முதலான அதிகாரமுறைப் பதிவகங்களின் விதிகள் ஒரு பகுதி. தனியார் தம் பெயருக்குக் கீழ்ப் பிறர்க்கு இடமளிக்கும் இடங்கள் மற்றொரு பகுதி. மேலே கண்ட 'யூகே.காம்' இரண்டாம் பகுதியில் உள்ளது. 'கிட்ஹப்.ஐஓ' என்பதும் அப்பகுதியினதே. அதன்கீழ் ஒவ்வொரு பயனரும் தம் பக்கங்களை வைத்துக்கொள்வதால், ஒருவரின் குறிப்பு மற்றவர்க்குச் செல்லலாகாது. 'குமரன்.கிட்ஹப்.ஐஓ' என்னும் பெயரின் பின்னொட்டு எது என வினவினால், முதற்பகுதியை மட்டும் கொள்பவர்க்கு 'ஐஓ'. இரண்டனையும் கொள்பவர்க்குக் 'கிட்ஹப்.ஐஓ'. பெயரைப் பதிவகத்தில் யார் வாங்கினர் என ஆராய்பவர்க்கு முன்னது வேண்டும். உலாவிக்குப் பின்னது வேண்டும். பயன்பாட்டைக் கூறாது விடையைக் கேட்டல் பொருந்தாது.

தமிழில் 'பொது' என்பது பலவற்றுக்கும் ஒத்தது என்றும், மக்கள் அனைவர்க்கும் திறந்தது என்றும் இருபொருள்படும். 'பொதுவிதி' என்பதில் முதற்பொருள், இங்கு இரண்டாவது. பல பெயர்களில் ஒத்துவரும் ஈறு என்று வாசகர் கொண்டால் கருத்தே திரிந்துவிடும். எனவே மொழிபெயர்ப்பில் முதலிடத்திலேனும் 'பதிவுக்குத் திறந்த பின்னொட்டு' என விளக்கி, பின் சுருக்கி வழங்குதல் தக்கது. 'விகுதி' என்பது தனித்தியங்காத உருபைச் சுட்டுவதால் இதற்குப் பொருந்தாது. இங்குள்ள கூறுகள் தாமே பெயராகவும் நிற்க வல்லவை.

7. வழக்கின் மாற்றம்

பிரித்தானியாவில் நெடுங்காலம் 'கோ.யூகே', 'ஆர்க்.யூகே' போன்றவற்றின்கீழ் மட்டுமே பெயர் பெற இயன்றது. ஆகவே தொடக்ககாலப் பட்டியலில் '*.யூகே' என்னும் பொதுவிதி இருந்தது. நேரடியாகப் பெயர் பெற்றிருந்த நாடாளுமன்றமும், பிரித்தானிய நூலகத்தின் 'பிஎல்.யூகே' போன்ற சிலவும் விலக்கு விதிகளாயின. 2014 ஜூனில் 'யூகே' நேரடிப் பதிவிற்குத் திறக்கப்பட்டது. பட்டியலில் பொதுவிதி நீங்கி, நேர்விதிகள் இடம்பெற்றன. முன்பு விலக்காக இருந்த பெயர்கள் இயல்பான பெயர்களாயின. அதே ஆண்டில் நியூசிலாந்தும், 2022 மார்ச்சில் ஆஸ்திரேலியாவும் தத்தம் ஈறுகளை இவ்வாறே திறந்தன. இந்தியாவின் 'இன்' ஈற்றின்கீழ் 2005 முதலே எவரும் நேரடியாகப் பதிவுசெய்ய இயலும், 'கோ.இன்' முதலியனவும் உடன் வழங்குகின்றன.

நிரலுள் பட்டியலின் படியொன்றைப் பதித்துவிட்டு மறந்துவிடுவோர்க்கு இம்மாற்றங்கள் எட்டுவதில்லை. 2013ஆம் ஆண்டுப் படியைக் கொண்ட நிரலுக்குக் 'கடை.யூகே' ஒரு பொதுப் பின்னொட்டு. அக்கடையின் தளம் தன் கிளைகளுக்கு ஒரே குறிப்பை வழங்க முயன்றால், பின்னொட்டிற்குக் குறிப்பு வைக்கலாகாது என அந்நிரல் மறுக்கும். 2011இல் வெளியான குக்கித் தரவரையறையும் பொதுப் பின்னொட்டுகளுக்கு அவ்வாறே மறுக்கப் பணிக்கின்றது. வாடிக்கையாளர் ஒவ்வொரு கிளைத் தளத்திலும் மீண்டும் மீண்டும் கடவுச்சொல் இட நேரும். காரணம் கடைக்காரர்க்குப் புலப்படாது. எதிர்வகையில், ஒரு நிறுவனம் தன் பெயரைத் தனியார் பகுதியில் இன்று சேர்த்தாலும், பழைய படியை உடைய நிரல்களில் அதன் பயனர்களுக்கிடையே சுவர் எழாது.

பட்டியலைத் தவிர்த்து எல்லைச் செய்தியைப் பெயரமைப்பு முறைக்குள்ளேயே பதிவு செய்யலாமா என ஆராய இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு டிபவுண்ட் என்னும் பணிக்குழுவை 2015இல் நிறுவியது. அக்குழு தரம் எதனையும் வெளியிடாமலேயே கலைந்தது. உலாவிகள் இன்றும் பட்டியலையே நம்பியுள்ளன. எனவே பின்னொட்டைக் கணிக்கும் நிரலை எழுதுவோர், விடையோடு தாம் பயன்படுத்திய பட்டியலின் நாளையும் சேர்த்துத் தருவது நலம். அகராதியை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் அதன் பதிப்பாண்டைக் குறிப்பது போன்றது அது.